யாரும் தூங்காத தெரு

மழையை எடுத்துவிடுவது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

குடிநீர் வாரியத்தில், திட்டப் பிரிவில் எனக்கு வேலை. பல வருடங்களுக்கு முன் வந்த பெரிய வறட்சியை எங்கள் ஊர் இன்னும் மறக்கவில்லை. அந்த வருடம் நீர்த்தேக்கம் வற்றிக்கொண்டே போய், இனி ஊரைப் பூட்ட வேண்டியதுதான் என்று எல்லோரும் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தபோது, பருவம் தவறி ஒரு புயல் வந்தது. நான்கு நாள் விடாமல் பெய்தது. பிழைத்தோம். அதற்கு மேல் மோசமான வறட்சி கிடையாது என்று வைத்துக்கொண்டுதான் இன்றுவரை எல்லாத் திட்டங்களையும் போட்டு வருகிறோம்.

இந்த வருடம் மழை பொய்த்து, தண்ணீர் அன்றைக்கு இருந்த அதே மட்டத்துக்கு இறங்கியது. தலைமைப் பொறியாளர் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் புயல் வராமப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்? அன்னைக்கு வானம், இன்னைக்கு ஊரு. கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருங்கம்மா."

இந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. எங்கும் இல்லாத வானத்தை நாமாகக் கற்பனை செய்யக்கூடாது. புயல் பெய்த நான்கு நாட்களைக் கத்தரித்துவிட்டு, வேறொரு வருடத்தில் அதே தேதிகளில் உண்மையாக இருந்த நான்கு நாட்களை அந்த இடத்தில் ஒட்ட வேண்டும். எங்கள் அறையில் இதற்கு 'ஒட்டுப் போடுவது' என்று பெயர்.

எனக்கு அடுத்த மேசையில் இருப்பவனை அலுவலகமே கருநாக்கு என்றுதான் கூப்பிடும். லிஃப்ட் நிற்கப்போகிறது என்பான், நிற்கும். யாருக்கோ மாற்றல் வரும் என்பான், மறுநாள் உத்தரவு வரும். புள்ளிவிவரம் படித்தவன். தன் நாக்கைப் பற்றி அவனுக்கே கொஞ்சம் பெருமை உண்டு.

"எந்த வருஷத்து நாலு நாளை எடுக்கலாம்?" என்று கேட்டேன்.

"எதை வேணா எடுங்கக்கா. அந்த மாசத்துல இந்த ஊர்ல எப்ப மழை பேஞ்சிருக்கு? வந்துச்சு பாருங்க, அதுதான் அதிசயம். வராம இருந்திருந்தா அது சாதாரணம்."

"வாயைக் கழுவுடா."

"எதுல கழுவுறது? தண்ணியைத்தான் எடுத்துட்டீங்களே."

சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் ஒட்டுப் போட்டேன்.

கணினித் திரையில் நீர்த்தேக்கத்தின் மட்டம் ஒரு நீலக் கோடாக இறங்கியது. புயல் வந்த நாளில் அது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. எந்த அவசரமும் இல்லாமல், மாடிப்படியில் ஒரு குழந்தை உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவதுபோல இறங்கிக்கொண்டே இருந்தது. மதகின் வாய் வரை வந்தது. அதற்குக் கீழேயும் தண்ணீர் இருக்கும். கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரியும். குழாய்க்கு வராது.

கோடு இறங்க இறங்க, பக்கத்தில் இருந்த ஊர் வரைபடத்தில் வாரியத்தின் திட்டம் தானாக ஓடியது. முதல் படி, குழாய் வேகத்தைக் குறைப்பது. இரண்டாம் படி, ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்றாம் படி, தெருத் தெருவாக வால்வை மூடுவது. இந்த மூன்றாம் படி எழுதி வைத்ததோடு சரி. அன்றைக்கு அதைத் தொடும் முன்பே புயல் வந்துவிட்டது. இப்போதுதான் முதல்முறையாக அது நடப்பதைப் பார்க்கிறேன்.

தண்ணீர் வருகிற தெரு பச்சை, மூடிய தெரு சாம்பல். முதலில் சாம்பலானது கடைத்தெரு. நியாயம்தான். எந்தத் தெருவில் ஜனம் குறைவோ அதை முதலில் மூட வேண்டும் என்பது திட்டம். இரவில் எத்தனை பேர் படுத்துத் தூங்குகிறார்களோ அதுதான் ஒரு தெருவின் ஜனத்தொகை. கடைத்தெருவில் யாரும் தூங்குவதில்லை. ஆகவே அங்கே ஜனத்தொகை பூஜ்யம். பெரிய மருத்துவமனைக்குத் தனிக் குழாய். அது கடைசிவரை பச்சையாகவே இருக்கும்.

"அருமையா ஓடுதுக்கா" என்றான் கருநாக்கு.

ஆமாம் என்று தலையாட்டினேன். என் கண் அந்தச் சாம்பல் கோட்டின் வளைவில் நின்றது. அந்த வளைவு எனக்குத் தெரியும். ஒரு திரைச்சீலைக் கடை. அதன் பக்கவாட்டில் குறுகலான படி. படியின் மேலே, சென்ற வருடத்துக்கு முந்தைய வருடம் திறந்த டயாலிசிஸ் நிலையம். வாரத்துக்கு மூன்று முறை நான் என் கணவரைக் கைபிடித்து ஏற்றும் படி.

பயம் என்றால் இதயம் படபடக்கும் என்பார்கள். எனக்கு எல்லாம் நின்றுபோனதுபோல இருந்தது. மின்விசிறி சுற்றுவது மட்டும் தெரிந்தது.

*

மறுநாள் மதியம் அவரோடு அங்கே போனேன். வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் இயந்திரம். அவருடைய இடது கையில் இரண்டு ஊசிகள், இரண்டு குழாய்கள், ஒன்றில் போய் இன்னொன்றில் திரும்பி வரும் ரத்தம். சுவருக்குப் பின்னால் தண்ணீரைச் சுத்தம் செய்கிற பெரிய உருளைகள் உறுமிக்கொண்டிருந்தன. இத்தனை நாள் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. இப்போது அது ஒன்றுதான் கேட்டது.

அவர் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். பெரிய வறட்சியின்போது தெருமுனை லாரியிலிருந்து இரண்டு கையிலும் இரண்டு குடங்களோடு மாடிக்கு ஏறுவார். "வழி விடுங்க, வழி விடுங்க, பிரேக் பிடிக்கல" என்று கத்திக்கொண்டே ஏறுவார். அந்த வறட்சியில் நாங்கள் இரண்டு பேருமே இருந்தோம். ஆனால் இப்போது கணினிக்குள் ஓடுகிற வறட்சியில் இருப்பது அந்த மனிதர் இல்லை. நாளுக்கு இரண்டு டம்ளருக்கு மேல் குடிக்கக் கூடாத, ஆனால் ரத்தத்தைக் கழுவ ஒவ்வொரு முறையும் ஒரு தொட்டித் தண்ணீர் வேண்டியிருக்கிற இவர்.

"சிஸ்டர், குழாய்ல தண்ணி நின்னா என்ன பண்ணுவீங்க?"

செவிலி குழாயைச் சரிபார்த்துக்கொண்டே சொன்னாள். "தொட்டி இருக்கு மேடம். ஒரு நாள் தாங்கும்."

"அதுக்கு அப்புறம்?"

"லாரி சொல்லுவோம்."

"லாரிக்கு எங்கேருந்து வரும்?"

அவள் சிரித்தாள். "நல்லா கேட்டீங்க போங்க. நீங்கதானே தண்ணி ஆபீஸ்?"

அவள் நகர்ந்ததும் அவர் என்னைப் பார்த்தார். இருபது வருடக் குடித்தனம். என் முகத்தில் எந்த இடத்தில் எது ஒளிந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"என்ன, ஆபீஸ்ல ஏதாச்சும் வம்பா?"

சொன்னேன். மெதுவாக, பக்கத்து நாற்காலிக்குக் கேட்காமல். யாரும் தூங்காத தெரு என்பதால் முதலில் மூடுவார்கள் என்று சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"ஏன், நான்தான் நாலு மணி நேரம் வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குறேனே! கொறட்டை வேற. எண்ணிக்கச் சொல்லு."

"விளையாடாதீங்க."

"வேற என்ன பண்ணச் சொல்றே? கையை ஆட்டவா முடியும்?"

கண்ணைக் கூரையில் வைத்துக்கொண்டே கேட்டார். "ரெண்டு தடவை தவறிப்போனா என்ன ஆகும்னு டாக்டர் சொன்னாரு, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. குடித்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் காலில் ஏறும், முகத்தில் ஏறும், கடைசியில் நுரையீரலுக்குள் இறங்கும். ஊரே ஒரு சொட்டுக்கு அலைகிற காலத்தில், என் கண் முன்னால் இவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி மூழ்கிப்போவார்.

"நீங்க தூங்குங்க" என்றேன்.

*

தலைமைப் பொறியாளரின் அறையில் எப்போதும் ஜன்னல் சாத்தியே இருக்கும். கணினித் திரையைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப, நாம பழைய அறிக்கையில 'நகரம் வறட்சியைத் தாங்கியது'ன்னு எழுதினது..."

"தாங்கல சார். தப்பிச்சது."

"ரெண்டும் 'த' வரிசைதானே. என்ன பெரிய வித்தியாசம்?"

"தாங்கினவன் அடுத்த அடியையும் தாங்குவான். தப்பிச்சவனுக்கு அப்படி ஒண்ணும் கிடையாது."

அவர் கோபப்படவில்லை. கெட்ட மனிதர் இல்லை அவர். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கடைத்தெருவைப் பற்றிச் சொன்னேன். அந்தப் படி, அந்த மாடி, அந்த நாற்காலிகள், அவற்றில் ஒன்றில் யார் என்பதையும் சொன்னேன். இதைப்போல வேறு எந்தெந்தத் தெருவில் பகலில் யார் யார் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது, போய்ப் பார்க்க வேண்டும் என்றேன்.

"போய்ப் பாத்தா என்ன ஆகும் தெரியுமாம்மா? இந்தத் தெருவை மூடப்போறாங்கன்னு ஊர் பூரா பேச்சாயிடும். வீட்டுக்கு வீடு அண்டா குண்டானெல்லாம் ரொப்புவாங்க. ஒரு மாசத்துல இறங்க வேண்டிய தண்ணி ஒரு வாரத்துல இறங்கிடும். புயலை நீங்க எடுத்தீங்க. மிச்சத்தைப் பயம் எடுத்துடும்."

அது உண்மை.

அவர் குரலைத் தாழ்த்தினார். "கடைத்தெரு ஒண்ணைப் பச்சையாக்கிடுங்க. அதுக்கு நான் கையெழுத்துப் போடறேன். வீட்டுக்காரரை நிம்மதியா கூட்டிட்டுப் போயிட்டு வாங்க."

நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். தாழ்வாரத்தில் நடக்கும்போது எனக்கு அழுகை வந்தது, சந்தோஷ அழுகை. அவ்வளவு சந்தோஷமாக நான் பல மாதங்களாக இருந்ததில்லை. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் பிறகு எனக்குப் பயமாக இருந்தது.

கருநாக்கு கடைத்தெருவைப் பச்சையாக்கினான். கணினி ஒரு நொடி யோசித்தது. வேறொரு தெரு சாம்பலானது.

"இது எதுக்குடா?"

"மிச்சம் பண்ண வேண்டிய தண்ணி மிச்சமாகணும்லக்கா? ஒண்ணைத் திறந்தா இன்னொண்ணை மூடத்தான் செய்யும். டிப்போ பின்தெரு. அங்கயும் யாரும் தூங்கலையாம்."

"அங்க யாரு இருக்கா?"

அவன் உதட்டைப் பிதுக்கினான்.

*

மதிய இடைவேளையில் சொல்லாமல் கிளம்பிப் போனேன். பேருந்து டிப்போவின் பின்சுவரை ஒட்டி ஒரு நீளமான தெரு. பூட்டிய கிடங்குகள், டயர் கடை, ஒரு தகரக் கூரைக் கட்டடம். தகரக் கூரைக்குள்ளிருந்து ஆவி வந்தது. எட்டிப் பார்த்தேன். ஆள் உயர இயந்திரங்கள் துணியைச் சுழற்றிக்கொண்டிருந்தன. தரையெல்லாம் ஈரம். பச்சை நிறத் துணிகள் மலைபோலக் குவிந்திருந்தன.

"யாரும்மா? என்ன வேணும்?" கையில் சோப்பு நுரையோடு ஒருவர் வந்தார்.

"வாரியத்துலேருந்து வர்றேன். இது என்ன துணி அண்ணே?"

"பெரியாஸ்பத்திரி துணிம்மா. படுக்கை விரிப்பு, ஆபரேஷன் துணி, எல்லாம் இங்கதான் வருது. ஒரு நாள் வண்டி லேட்டானா போதும், டாக்டருங்க எங்களைப் பிடிச்சுத் திட்டுவாங்க. துணி இல்லாம எப்படி அறுக்கிறதுன்னு."

பெரிய மருத்துவமனை. கடைசிவரை பச்சையாக இருக்கப்போகிற மருத்துவமனை.

"ஒருவேளை தண்ணி நின்னுபோனா..." என் வாயிலிருந்து வந்துவிட்டது.

அவர் முகம் மாறியது. "ஏம்மா? நிறுத்தப் போறீங்களா?"

"ஐயோ, இல்லண்ணே. குழாய்ல வேகம் எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போக வந்தேன். எல்லாத் தெருவுலயும் கேக்கறோம்."

"வேகத்துக்கு என்ன, இருக்கு, இருக்கு" என்றார். ஆனால் அவர் கண் என் மேல் இல்லை. நான் தெருமுனை திரும்பும் முன்பே அவர் குரல் பின்னால் கேட்டது. "ஏ, அந்தப் பின்தொட்டி மூடியைத் திற! ரெண்டு தொட்டியையும் ரொப்பு, சீக்கிரம்!"

ஒரே ஒரு கேள்வி கேட்டேன். இரண்டு தொட்டி போயிற்று.

நடந்து திரும்பினேன். வழியில் இருந்த ஒவ்வொரு கதவும் என்னைப் பார்ப்பதாகத் தோன்றியது. பூட்டிய கதவுகள், பாதி திறந்த ஷட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ எதையோ கழுவிக்கொண்டிருக்கிறார்கள், யாருக்காகவோ. ஒருவரை மூடினால் இன்னொருவர் மூச்சு நிற்கும். நான் என் கணவருக்காக ஒரு வால்வைத் திறந்தேன், அது யாரோ ஒருத்தியின் பிரசவ அறையில் துணி இல்லாமல் செய்கிறது. இந்தச் சங்கிலி எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. நாங்கள்தான் அதை மூடப்போகிறவர்கள்.

*

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ம்பாங்க" என்றார் தலைமைப் பொறியாளர், நான் சொல்லி முடித்ததும். ஆனால் அவர் சிரிக்கவில்லை. அவருக்கும் பயம் வந்துவிட்டது என்று தெரிந்தது.

"நான் வாய்தவறிக் கேட்டதுதான் சார் தப்பு. மூடறதைப் பத்திப் பேசவே வேணாம். குழாய் வேகத்தைப் பாக்க வர்றோம்னு ஒவ்வொரு தெருவா, பகல்ல போவோம். யார் என்ன வேலை செய்யறாங்கன்னு கண்ணால பாத்துக்கலாம்."

அவர் வெகுநேரம் மேசையைத் தடவிக்கொண்டிருந்தார். "சரி, பண்ணுங்க. எத்தனை நாளாகும்?"

"ரெண்டு மாசமாவது ஆகும்."

"ரெண்டு மாசம் வரைக்கும் திட்டத்தை வெறுமையா வெச்சுக்க முடியாது. மூணாம் படி அதுக்குள்ளயே வந்துடலாம். எதை மூடறது? கடைத்தெரு கூடாது. டிப்போ பின்தெரு கூடாது. வேற எதைக் காட்டினாலும் அங்க யாரு இருக்கான்னு தெரியாதும்பீங்க. யாரு இருக்கான்னு தெரிஞ்ச தெரு ஒண்ணைச் சொல்லுங்க, அதைப் போட்டுக்கறேன்."

அவர் என்னை மடக்குவதற்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். அதனால்தான் நானும் உண்மையாகவே யோசித்துவிட்டேன். இந்த ஊரில் எந்தத் தெருவில், காலையில் யார், மதியம் யார், யாருக்கு என்ன உடம்பு, யாரால் குடம் தூக்க முடியும் என்று கதவு கதவாக எனக்குத் தெரியும்? ஒரே ஒரு தெருதான்.

"எங்க தெரு" என்றேன்.

"அங்க நிறைய ஜனம் தூங்குமேம்மா?"

"ஆமா சார். ஆனா எல்லாரையும் எனக்குத் தெரியும். இயந்திரம் எதுவும் கிடையாது. எல்லாராலயும் லாரி வரைக்கும் நடக்க முடியும்." சொல்லும்போதே எதிர்வீட்டுப் பெரியவர் கண்ணில் வந்தார். அவரால் முடியாது. அவருடைய மருமகளால் முடியும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் கணக்குத் தெரியும். எல்லோரையும் எண்ணினேன். யாரையும் கேட்கவில்லை.

அவர் எழுதிக்கொண்டார்.

*

வீட்டுக்கு வரும்போது வெளிச்சம் இருந்தது. தெருவில் எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. எதிர்வீட்டுப் பெரியவர் நாற்காலியிலிருந்து கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன்.

வாசலில் கீழ்வீட்டு அக்கா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

"வாடி வா. இப்பதான் வர்ற நேரமா? குழாய்ல நூலாட்டம் வருது, அதுவும் விட்டு விட்டு. உன் குடம் ரெண்டையும் எடுத்துட்டு வந்து நானே பிடிச்சு வெச்சேன்."

படியடியில் என் இரண்டு குடங்கள், விளிம்புவரை தண்ணீரோடு இருந்தன. பக்கத்தில் அவளுடைய குடம் ஒன்று, பாதிதான் நிரம்பியிருந்தது.

"அப்ப உங்களுக்கு, அக்கா?"

"எனக்கு என்ன அவசரம்? உனக்கு மேல நோயாளி இருக்காரு." அவள் குனிந்து ஒரு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "ஏண்டி, உங்க ஆபீஸ்ல என்னதான் சொல்றாங்க? தண்ணியை நிறுத்துவாங்கன்னு டிப்போகிட்ட இருக்கிற டயர் கடைக்காரன் சொல்லிட்டுப் போறான். அப்படி ஏதாச்சும் இருந்தா முன்னாடியே காதைக் கடிச்சுடு. உன்னை நம்பித்தான் இந்தத் தெருவே இருக்கு."

செருப்பைக் கழற்றக் குனிந்தேன்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லக்கா."

"அப்பாடா" என்று அவள் படியேற ஆரம்பித்தாள். தண்ணீர் தளும்பிப் படியில் சிந்தியது. நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"அக்கா, வேணாம். இதை நீங்களே வெச்சுக்குங்க. ரெண்டையும் வெச்சுக்குங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள், எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்பதுபோல.

"பைத்தியமாடி நீ? எனக்கென்ன, நாளைக்கும்தான் தண்ணி வருமே."